கொழும்பு பார்க்கச் சேர்த்த காசு

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிளாக்கராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. மீசை சின்னதாக இருந்தது. என்னைப் பற்றி எனக்கிருந்த எண்ணம் பெரியதாக இருந்தது. பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், இங்கிலீஷில் கடுதாசி எழுதத் தெரிந்தவன், துரை கூப்பிட்டால் நடுங்காமல் "யெஸ் சார்" சொல்லக்கூடியவன். தொண்டை மட்டும் கொஞ்சம் கரகரக்கும். அப்படிப்பட்டவன் பண்டாரவளைக்கு அப்பால் எதையுமே பார்த்ததில்லை என்பது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. அதைக் குறையாக்கியவர் எங்கள் டீமேக்கர்.

தொழிற்சாலையில் தேயிலை அவர் பொறுப்பு. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். தம்பியின் கல்யாணத்துக்காக ஒரே ஒரு தடவை கொழும்புக்குப் போய் வந்திருந்தார். அந்த ஒரு தடவையை வைத்துக்கொண்டு அவர் பல வருஷம் பிழைத்தார். மழை பெய்தால் கொழும்பு மழை வேறு மாதிரி என்பார். மாடு குறுக்கே வந்தால் கொழும்பில் மாடுகூட ஓரமாகத்தான் போகும் என்பார். எந்தப் பேச்சும் கடைசியில் மின்சார டிராம் வண்டியில் போய் நிற்கும். குதிரையும் இல்லாமல் மாடும் இல்லாமல், மேலே ஒரு கம்பியைத் தொட்டுக்கொண்டு, மணியடித்தபடி தெருவில் ஓடும் வண்டி. நான் ஏதாவது சந்தேகம் கேட்டால், "நீங்கதான் அதப் பாத்ததில்லையே, உங்களுக்கு எப்படிச் சொல்றது" என்று முடித்துவிடுவார்.

உலகம் பார்க்க வேண்டும், அறிவை வளர்க்க வேண்டும் என்று பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு வாயை மூட வேண்டும் என்பதற்காகவே கொழும்புக்குப் போவதென்று தீர்மானித்தேன்.

போக வரச் செலவு, தங்கும் செலவு, ஒரு கனவானுக்கு ஆகக்கூடிய மற்றச் செலவுகள் எல்லாம் சேர்ந்தால் என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. பிஸ்கட் டின் ஒன்றைக் கட்டிலுக்கடியில் வைத்துச் சேர்க்கத் தொடங்கினேன். மூட்டை தூக்கி மலையேறி வருகிற வியாபாரிகளுக்கு அந்த டின்னின் வாசனை எப்படியோ தெரிந்துவிடும். வாசிக்கத் தெரியாத ஒரு வாய் ஆர்கனையும், யானைத் தந்தம் என்று நம்பி ஒரு மாட்டுக் கொம்புச் சீப்பையும் வாங்கினேன். எந்த ஊர் என்றே தெரியாத ஓர் ஏரியின் படத்துக்கும் காசு கொடுத்தேன். சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தபோது டின்னில் காசைவிட பிஸ்கட் தூள் அதிகமாக இருந்தது.

அப்போதுதான் பதுளைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் அப்பா அவருடைய வாப்பாவிடம் துணி எடுத்தவர். அந்தப் பழக்கம் எங்கள் இருவருக்கும் வந்து சேர்ந்திருந்தது. சரக்கு எடுக்க வருஷத்தில் இரண்டு மூன்று தடவை கொழும்புக்குப் போய் வருகிறவர். மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பங்கை அவரிடம் கொடுத்து வைப்பதாகவும், நான் வேறு எதற்குக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்றும், கொழும்புப் பயணத்துக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் முழக்கோலைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க தம்பி. நல்லாக் கேட்டுக்கிறேன்."

சொன்னேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சில மாதம் போயிற்று. பதுளையில் ஒரு கடையில் சங்கிலி போட்ட பைக்கடிகாரம் ஒன்றைப் பார்த்தேன். பயணம் போகிறவனுக்குக் கடிகாரம் அவசியம் என்று எனக்கு நானே எடுத்துச் சொல்லி, நானே அதற்கு ஒத்துக்கொண்டு, முதலாளியிடம் போனேன். அவர் பிளேன்டீ வரவழைத்தார். வியாபாரம் பற்றி, மழை பற்றிப் பேசினார். கடிகாரம் பற்றி நான் பேசியபோதெல்லாம் அவருக்குக் காது கேட்கவில்லை. எழுந்து வரும்போது, "ரயில் உங்களப் பாத்து வர்றதில்ல தம்பி. அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு, அதுக்கு அது வரும்" என்றார்.

அடுத்த தடவை கொஞ்சம் தந்திரமாகப் போனேன். பதுளையிலேயே இருக்கும் என் அத்தைக்கு உடம்பு ரொம்ப மோசம், வைத்தியச் செலவுக்கு வேண்டும் என்றேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு ஜோடி சப்பாத்து. அவர் முகம் வாடிவிட்டது. பணம் எடுத்துத் தரப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, வழியில் ஒரு டஜன் தோடம்பழம் வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அத்தையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். நாங்கள் போனபோது அத்தை முற்றத்தில் உலக்கை பிடித்து அரிசி இடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உடல்நலம் தெருமுனை வரை கேட்டது. முதலாளி பழத்தைக் கொடுத்து, "சுகமாயிட்டீங்க போல, நல்லது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அத்தை தோடம்பழத்தையும் தின்றுவிட்டு, தனக்குச் சாவு தேடிய மருமகன் என்று என்னை ஒரு வருஷம் ஏசினாள்.

இனிச் சிக்கனம்தான் வழி என்று இறங்கினேன். முதலில் சவரக்காரரை நிறுத்தினேன். மழுங்கிய கத்தியை வைத்துக்கொண்டு நானே சவரம் செய்ததில், காலையில் ஆட்கள் கூடி நிற்கிற பெரட்டுக்குக் கன்னத்தில் கடுதாசித் துண்டுகளை ஒட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஒருநாள் துரை என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சிறுத்தை ஏதாவது வந்ததா என்று விசாரித்தார். பிறகு வண்டிக் கூலியை மிச்சம் பிடிக்கப் பதுளைக்கு நடந்தே போய் வந்தேன். அந்தக் கல்ரோட்டில் சப்பாத்து தேய்ந்து, புதிதாக வாங்கின விலையில் ஒரு வருஷம் வண்டியில் போயிருக்கலாம். சாப்பாட்டுச் செலவைக் குறைக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வீட்டிலாவது சாப்பாட்டு நேரமாகப் பார்த்து நலம் விசாரிக்கப் போனேன். கொஞ்ச நாளில் தோட்டத்திலுள்ள உத்தியோகத்தர்கள் எல்லோரும் ஞாயிறு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

நான் கொழும்புக்குப் போகப்போவது தோட்டம் பூராவும் தெரியும்; நான்தான் சொல்லியிருந்தேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் எப்போது பயணம் என்று கேட்பார்கள். வருகிற மாதம் என்பேன். இரண்டு பெரிய மழைக்காலம் அதையே சொன்னேன். ரயில் பாதையைப் பதுளை வரைக்கும் இழுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்ட நேரம் அது. கூடையை இறக்கி வைத்த ஒரு பெண், "ஐயா கொழும்புக்குப் போறதுக்குள்ள கொழும்பு இங்க வந்துரும் போல இருக்குங்க" என்றாள். தராசைப் பிடித்திருந்த கங்காணி சிரித்ததில் முள் ஆடியது.

கடைசியில் துரையிடம் நான்கு நாள் லீவு கிடைத்தது. போக ஒன்று, வர ஒன்று, கொழும்பு பார்க்க இரண்டு. பண்டாரவளை வரைக்கும் வண்டியில் போய்ச் சேர்வதற்கு ஒரு ஞாயிறும் முன்னால் வந்து கைகொடுத்தது. உடுக்க நல்ல கோட்டு இல்லை. துணியெடுக்க முதலாளி பணம் தர மாட்டார். வேறு வழியில்லாமல் டீமேக்கரிடமே கோட்டு இரவல் கேட்டேன். அவர் கொடுத்தார், ஆனால் அந்தக் கோட்டு ஏற்கெனவே கொழும்பு பார்த்தது என்பதைச் சொல்லித்தான் கொடுத்தார். எனக்கு அது தோளில் தொங்கியது. இதையெல்லாம் ஈடுகட்ட, மிச்சமிருந்த சில்லறையில் ஒரு சிறிய குப்பி ஓடிகொலோன் வாங்கி, கைக்குட்டையில் தாராளமாகத் தெளித்துக்கொண்டேன். இரண்டாம் வகுப்பில் போகிறவன் மணக்க வேண்டாமா?

முதலாளிக்கும் அப்போது சரக்கெடுக்கும் வேலை இருந்தது. பண்டாரவளை ஸ்டேஷனில், டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் நின்ற பிறகுதான் என் பணத்தை மடியிலிருந்து எடுத்தார்.

"பயணத்துக்குன்னுதான சொன்னீங்க. இதுதான் பயணம். இனி உங்க பாடு."

நான் இரண்டாம் வகுப்புக்கு டிக்கெட் எடுத்தேன். அவர் என்னையும் பார்த்தார், கோட்டையும் பார்த்தார், மூன்றாம் வகுப்பில் ஏறிக்கொண்டார்.

என் பெட்டியில் ஒரு பறங்கிக் கனவானும் அவர் மனைவியும் இருந்தார்கள். காலை வெயில், சுத்தமான இருக்கை, எதிரே வெள்ளை உடுப்புப் போட்ட மனிதர்கள். இதற்காகத்தான் கன்னத்தை அறுத்துக்கொண்டோம் என்று நிறைவாக இருந்தது. அந்தப் பாதை முழுக்க வளைவு. வளைவு வரும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் நம்முடைய ரயிலின் எஞ்சினே முன்னால் புகை விட்டுக்கொண்டு போவது தெரியும். அது எனக்கு அதிசயமாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டினேன். கனவான் தலையை உள்ளே எடுப்பது நல்லது என்று இங்கிலீஷில் சொன்னார். நானும் என் இங்கிலீஷைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடாமல், மிக்க நன்றி, நான் இயற்கைக் காட்சியை அனுபவிக்கிறேன் என்று பதில் சொல்லிவிட்டு, முன்னைவிட நன்றாக நீட்டினேன்.

எஞ்சினிலிருந்து பறந்து வந்த கரித்துகள் நேராக என் வலது கண்ணில் விழுந்தது.

அப்போதுகூட ஒரு கண்ணோடு போயிருக்கும். நான் கைக்குட்டையை எடுத்து அழுத்தித் துடைத்தேன். கைக்குட்டையில் ஓடிகொலோன் இருந்தது கண்ணில் பட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. எரிச்சல் தாங்காமல் முகம் பூராவும் அதாலேயே துடைத்ததில் இடது கண்ணும் சேர்ந்துகொண்டது. நீர் கொட்டியது. இரண்டு இமையும் வீங்கி ஒட்டிக்கொண்டன. பறங்கி அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். கனவான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக நான் இன்றும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். இரண்டு வருஷம் ஆசைப்பட்ட ரயில் பயணத்தை அன்று சாயந்தரம் வரை காதால் அனுபவித்தேன். குகை வந்தால் சத்தம் மாறும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கொழும்பு வந்துவிட்டது என்பதைச் சூட்டை வைத்து அறிந்துகொண்டேன். யாரோ இறக்கிவிட்டார்கள். கூட்டம் இடித்துக்கொண்டு போக, கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் கேட்டது.

"ஏன் தம்பி தூணக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க?"

முதலாளி என்னைத் தன் உறவினர் கடை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் கண்ணாஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார். துகளை எடுத்த டாக்டர், கண்ணில் வேறு என்ன போட்டாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த நர்ஸிடம், எனக்குப் புரியாது என்று நினைத்து, இந்த ஆள் கண்ணுக்கு வாசனை போட்டிருக்கிறான் என்று இங்கிலீஷில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். இங்கிலீஷ் படித்ததற்காக நான் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மருந்து விட்டு, கண் அசையக் கூடாது என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஊர் போய்ச் சேரும்வரை அவிழ்க்கக் கூடாது என்பது உத்தரவு.

அன்று முழுக்க மாடியில் படுத்துக் கிடந்தேன். அழவும் முடியாது, மருந்து கரைந்துவிடும். அடுத்த நாள், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள், நான் இப்படியே கிடந்துவிட்டு வருகிறேன் என்றேன். முதலாளி கேட்கவில்லை.

"ரெண்டு வருஷமா உங்க காச காவல் காத்தவன் நான். உங்க அத்த வீட்டுக்குத் தோடம்பழம் வாங்கிட்டுப் போனவன். டிராம்ல ஏறாம ஊருக்குப் போனா எனக்குத்தான் வெக்கம். எந்திரிங்க."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புறக்கோட்டையில் டிராம் வண்டியில் ஏற்றினார். மணி அடித்தது. தரை அதிர்ந்தது. காற்று முகத்தில் பட்டது. என்ன தெரிகிறது என்று கேட்டேன். மனிதர் நேர்மையானவர், கண்ணில் பட்டதைத்தான் சொன்னார். ஆனால் அவர் கண்ணில் படுவது ஒன்றே ஒன்றுதான்.

"இடது பக்கம் பெரிய கடை. வாசல்ல சீத்தைத் துணி தொங்குது. நிறம் போயிரும் இது. அடுத்ததுல வெள்ளைத் துணி, கஜம் நம்ம கடைய விடக் குறைவாத்தான் போட்டிருக்கான், எப்படிக் கட்டுபடியாகுதுன்னு தெரியல."

கட்டடங்கள் எப்படி என்று கேட்டேன். உயரம் என்றார். ஜனங்கள் எப்படி என்று கேட்டேன். ஒரு சீமாட்டி போகிறாள், பட்டு மாதிரி இருக்கிறது, ஆனால் பட்டு இல்லை என்றார். டிராம் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. அந்தப் பாதையில் உள்ள ஒவ்வொரு புடவைக்கடையின் விலைநிலவரமும் எனக்கு மனப்பாடம் ஆயிற்று. எதிரில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் இறங்கும்போது, அந்த இரண்டாவது கடை எங்கே என்று முதலாளியிடம் விசாரித்துக்கொண்டு போனார்.

ஐஸ் போட்ட சர்பத் வாங்கிக் கொடுத்தார். குளிர் பல்லில் ஏறியதில் நான் கூச்சல் போட்டது அந்தக் கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. பிறகு, சாயந்தரத் தொழுகை முடித்து வந்து, கடலுக்குப் போவோமா என்று அவரே கேட்டார்.

கடல் எவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. டீமேக்கர்கூடச் சொன்னதில்லை. தோட்டத்தில் பெருமழை பெய்யும்போது தொழிற்சாலைத் தகரத்தில் ஒரு இரைச்சல் கேட்கும். அது மூச்சு விட்டு மூச்சு விட்டுப் பெய்தால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது. உப்பு உதட்டில் ஒட்டியது. முதலாளி என் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இருக்கு தம்பி" என்றார். பிறகு ரொம்ப நேரம் கழித்து, "நிறைய இருக்கு."

விலை எதுவும் சொல்லாமல் அவர் நின்ற இடம் கொழும்பிலேயே அது ஒன்றுதான். அலை வந்து காலை நனைத்தபோது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்காகப் பிடிக்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

திரும்பும்போது நானும் மூன்றாம் வகுப்புதான். துணிக்கட்டுகளுக்கு நடுவில், எஞ்சினுக்கு முதுகு காட்டி, ஜன்னலுக்குத் தூரமாக என்னை உட்கார வைத்தார். ரயில் மலையேறத் தொடங்கிய பிறகு, ஏதோ பேச்சுக்காக, நீங்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை பார்க்கிற கடல், உங்களுக்கு அலுத்துப் போயிருக்குமே என்றேன்.

பக்கத்தில் அவர் ஒரு துணிக்கட்டை நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

"நேத்துதான் தம்பி நான் மொதல்ல பாத்தேன்" என்றார். "ஸ்டேஷன்ல இறங்குவேன், மொத்தக் கடைக்குப் போவேன், சரக்கக் கட்டுவேன், ஸ்டேஷனுக்கு வருவேன். நடுவுல கடல் இல்ல பாருங்க. வாப்பாவும் அப்படித்தான் வந்து போனார். அவர் கடைசி வரைக்கும் பாக்கல."

கன்னத்தை அறுத்து, சப்பாத்தைத் தேய்த்து, அத்தையைச் சாகடித்து இரண்டு வருஷம் நான் சேர்த்த காசில் அவர் கடல் பார்த்திருக்கிறார். கோபம் வர வேண்டிய இடம் என்று தோன்றியது. காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. கட்டுக்குள்ளே கண் கசிந்தது. மருந்து கரைந்துவிடுமோ என்று பயந்துகொண்டேயிருந்தேன்.

தோட்டத்து மருந்துக்காரர்தான் கட்டை அவிழ்த்தார். வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது டீமேக்கர் முகம். கோட்டை வாங்கிக் கழுத்துப்பட்டியில் கரி விழுந்து பொசுங்கிய ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழி நெடுக நான் சில பொய்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் கண்ணில் கட்டோடு வண்டியிலிருந்து இறங்கியவனிடம் அவை எடுபடாது. அன்று சாயந்தரம் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் மனைவி சிரித்துச் சிரித்து அகப்பையைக் கீழே போட்டுவிட்டார். ஓடிகொலோன் இடத்தை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். டீமேக்கர் சிரிக்கவில்லை. என் கதை கடலுக்கு வந்தபோது சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டார். சொன்னேன். தகரத்து மழையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். கல்யாண அவசரத்தில் கடலை வண்டியிலிருந்தபடியே பார்த்ததாகவும், சத்தத்தைக் கவனிக்கவில்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்குள்ளும் கொழும்புப் பேச்சு அவ்வளவாக வரவில்லை. வந்தாலும் கொஞ்சம் மரியாதையாகப் பேசிக்கொண்டோம்.

அடுத்த வருஷம் நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாறிப் போனேன். அங்கே கல்யாணமும் ஆயிற்று. கொழும்புக்கு மறுபடியும் போக ஏழெட்டு வருஷம் பிடித்தது. மனைவி, மூன்று பிள்ளைகள், அவர்களுக்கான சோற்று மூட்டை, தண்ணீர்க் கூஜா எல்லாவற்றோடும் போனேன். இந்தத் தடவை இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தன. ஒன்றைச் சின்னவன் மேலும் மற்றதைச் சாமான்கள் மேலும் வைத்திருந்ததில், டிராம் வண்டி பச்சையா சிவப்பா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது.